பழைய டெர்மினல் திரை: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

விடி100, விடி220, ஏடிஎம்-3ஏ, வைஸ் 50 என எந்தப் பழைய டெர்மினலை (கணினியோடு கேபிளில் இணையும், திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவி) எடுத்தாலும் திரைக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான் இருக்கும். பவர் சப்ளை ஒன்று, எழுத்துகளை உருவாக்கும் லாஜிக் போர்டு ஒன்று. எலெக்ட்ரான் கற்றையை இடமிருந்து வலமாக இழுக்க ஒரு கிடைமட்டச் சுற்று, மேலிருந்து கீழாக இழுக்க ஒரு செங்குத்துச் சுற்று, கற்றையைக் கூட்டிக் குறைக்க ஒரு வீடியோ ஆம்ப்ளிஃபயர். அப்புறம் படக்குழாய்.

படக்குழாய்க்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தனியாக எங்கிருந்தும் வருவதில்லை. கிடைமட்டச் சுற்றில் உள்ள ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர்தான் அதையும் தருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகளை மூடியைத் திறக்காமலே பிரித்துவிடலாம். திரையில் ஒரே ஒரு கோடு ஒளிர்ந்தால்கூடப் போதும்: உயர் மின்னழுத்தம் இருக்கிறது, ஃப்ளைபேக் உயிரோடு இருக்கிறது, படக்குழாயும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மீட்டரை எடுப்பதற்கு முன்பே மூன்று சந்தேகங்கள் தீர்ந்துவிட்டன. ஆகவே முதலில் திரையைப் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு யோசியுங்கள். மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டிய கட்டம் வரும், ஆனால் பெரும்பாலும் அது வேலையின் கடைசிப் பகுதிதான்.

எது உண்மையில் ஆபத்து

படக்குழாய் என்றதும் எல்லோரும் பயப்படுவது அந்த ரப்பர் தொப்பிக்கு அடியில் இருக்கும் ஆனோடைத்தான், அதாவது உயர் மின்னழுத்தம் குழாய்க்குள் நுழையும் முனையைத்தான். 12 அங்குலக் கருப்பு வெள்ளைக் குழாயில் அங்கே 12,000 வோல்ட் அளவில் இருக்கும். எண் பெரிதுதான், ஆனால் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாயின் உள்பூச்சும் வெளிப்பூச்சும் சேர்ந்து ஒரு கெபாசிட்டர்; அது 500 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் ஆற்றல் 0.036 ஜூல் மட்டுமே. ஸ்விட்சிங் பவர் சப்ளையின் முன்பக்கத்தில் இருக்கும் மெயின் கெபாசிட்டரைப் பாருங்கள். 230 வோல்ட் மின்சாரத்தை நேராக்கினால் ஏறத்தாழ 325 வோல்ட் கிடைக்கும். கெபாசிட்டர் 220 மைக்ரோஃபாரட் என்றால் 11 ஜூலுக்கு மேல், அதாவது படக்குழாயில் இருப்பதைப்போல 300 மடங்குக்கும் அதிகம். ஆளைக் கொல்லக்கூடியது அந்த உருளைதான். எல்லோரும் ஆனோடுக்கு மரியாதை கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பவர் சப்ளைமேல் சாவகாசமாக முழங்கையை வைப்பார்கள்.

அதற்காக ஆனோடைத் தொடலாம் என்று சொல்லவில்லை. அதன் ஆபத்து வேறு வகை. அதிர்ச்சியில் கை தானாக உதறும், உதறிய கை எதில் போய் இடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. படக்குழாயின் கழுத்து மெல்லிய கண்ணாடி. உள்ளே வெற்றிடம். 12 அங்குலத் திரையின் முகத்தில் மட்டுமே காற்றழுத்தம் 400 கிலோ எடைக்கு மேல் அமுக்கிக்கொண்டிருக்கிறது. கழுத்து உடைந்தால் பெரும்பாலும் காற்று உள்ளே சீறிப் புகுந்து குழாய் செத்துப்போவதோடு முடியும். ஆனால் கூம்பிலோ முகத்திலோ பலமாக அடிபட்டால் கண்ணாடிச் சில்லுகள் பறக்கும். குழாயைக் கையாளும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், கழுத்தைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள்.

மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். லாஜிக் போர்டில் வேலை செய்யும்போது நிலைமின்னை வடிக்க மணிக்கட்டில் கட்டும் பட்டை நல்லதுதான். மின்சாரம் ஓடும் திரைச் சுற்றருகே போகும்போது அதுவே எமன். உங்கள் கையை எர்த்தோடு கட்டிவைக்கிறது. கழற்றிவிடுங்கள். ஓடும் சுற்றில் அளக்கும்போது ஒரு கை போதும், மற்றது முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மீட்டரின் கருப்பு வயரை முதலைக் கிளிப்பால் சேசிஸில் (உலோகச் சட்டத்தில்) முன்கூட்டியே மாட்டிவிட்டால் ஒற்றைக் கையில் வேலை சுலபம். வீட்டில் யாருமில்லாத நேரத்திலும் தூக்கக் கலக்கத்திலும் இந்த வேலை வேண்டாம்.

மின்னேற்றத்தை வடிப்பது

பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் இது. ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

படக்குழாயின் வெளிப்புறம் கருப்பாகப் பூசியிருப்பது கிராஃபைட். அதன்மேல் ஒரு பின்னல் கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். கிளிப் வயரின் ஒரு முனையை அந்தப் பின்னல் கம்பியில்தான் மாட்ட வேண்டும், லாஜிக் போர்டின் எர்த்தில் அல்ல. அங்கே மாட்டினால் உயர் மின்னழுத்தம் சிப்புகள் வழியாகப் பாய்ந்து போகும். திரையைச் சரிசெய்ய வந்து லாஜிக்கைக் கொன்றுவிட்டுப் போவீர்கள். மறுமுனையை நீண்ட பிளாஸ்டிக் கைப்பிடி கொண்ட தட்டையான ஸ்க்ரூடிரைவரின் உலோகத்தில் மாட்டி, ஒற்றைக் கையால் ரப்பர் தொப்பியின் ஓரத்துக்கு அடியில் நுழைத்து நடுவிலுள்ள கொக்கியைத் தொடுங்கள். இடையில் சில மெகா ஓம் மதிப்புள்ள, உயர் மின்னழுத்தம் தாங்கும் ரெசிஸ்டர் இருந்தால் இன்னும் நல்லது, சத்தமில்லாமல் வடியும். ‘டப்’ என்று கேட்கலாம், கேட்காமலும் போகலாம். கேட்கவில்லை என்பதற்காக வடிந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. சில நிமிடம் கழித்து மறுபடியும் ஒருமுறை செய்யுங்கள். கண்ணாடிக்குள் தேங்கிய மின்னேற்றம் மெல்ல மெல்ல மேலே வரும் குணம் இந்தக் குழாய்களுக்கு உண்டு.

மெயின் கெபாசிட்டருக்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் இன்சுலேஷன் உள்ள இரண்டு வயர்களை இணைத்து, கெபாசிட்டரின் இரு முனைகளிலும் சில விநாடிகள் பிடியுங்கள். பிறகு மீட்டரை வைத்துச் சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். அளக்காத கெபாசிட்டர் நிறைந்த கெபாசிட்டர் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல்முறை மின்சாரம் கொடுப்பதற்கு முன்

பல வருடம் மூலையில் கிடந்த டெர்மினல் என்றால் உடனே ஆன் செய்யாதீர்கள். மேலே சொன்னபடி மின்னேற்றத்தை வடித்துவிட்டு உள்ளே ஒரு நோட்டம் விடுங்கள். மின்சாரம் நுழையும் இடத்தில் தேன் நிறத்தில், கண்ணாடிபோல் தெரியும் உறையோடு ஒரு காகிதக் கெபாசிட்டர் இருந்து, உறை விரிசல் விட்டிருந்தால் அதை மாற்றாமல் ஆன் செய்யவே வேண்டாம். சில நிமிடங்களில் வீடு நிறையப் புகை வரும். இடத்துக்கு ஏற்ற எக்ஸ்2 அல்லது ஒய்2 என்ற, மெயின் மின்சாரத்துக்கான பாதுகாப்பு வகைக் கெபாசிட்டரையே போடுங்கள்.

படக்குழாயின் உள்பக்கம், பொதுவாகக் கழுத்தருகே, கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு ஒன்று தெரியும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று போய்விட்டது, குழாய் முடிந்தது. மற்ற எதையும் பார்த்து நேரம் வீணாக்க வேண்டாம். வெள்ளியாகவோ கரும் வெள்ளியாகவோ இருந்தால் நல்ல சகுனம்.

ஃப்யூஸ் எரிந்திருந்தால் புது ஃப்யூஸைப் போட்டு அதிர்ஷ்டத்தைச் சோதிக்காமல், 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடர் இணைப்பில் வைத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட். ஒரு கணம் எரிந்து மங்கினால் ஷார்ட் இல்லை. ஸ்விட்சிங் பவர் சப்ளை பல்பு வழியாக ஓடச் சில நேரம் மறுத்து விட்டுவிட்டுத் துடிக்கும். அதை வைத்து மட்டும் கோளாறு என்று முடிவெடுக்காதீர்கள். மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றும் வேரியாக் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள மாடலுக்குச் சரி, ஸ்விட்சிங் சப்ளைக்கு அவ்வளவு சரியில்லை. குறைந்த மின்னழுத்தத்தில் அது அதிக மின்னோட்டத்தை இழுக்கப் பார்க்கும். வேரியாக் வீட்டு மின்சாரத்திலிருந்து உங்களைப் பிரித்து வைப்பதும் இல்லை. அதற்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஸ்விட்சிங் சப்ளையின் முன்பக்கத்தில் ஆசிலோஸ்கோப் வைக்க நினைத்தால் அது இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

அறிகுறி: எதுவுமே இல்லை, சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை

பவர் சப்ளை. பிளக், வயர், ஸ்விட்ச், ஃப்யூஸ் என்ற வரிசையில் மின்சாரம் இல்லாமலே ஓம் மீட்டரால் பார்த்துக்கொண்டு போங்கள். ஃப்யூஸின் கண்ணாடி உள்ளே கருகி வெள்ளி தெறித்திருந்தால் பின்னால் பெரிய ஷார்ட். ரெக்டிஃபயர் டயோடுகள், ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் இரண்டையும் சந்தேகப்படுங்கள். கம்பி மட்டும் நடுவில் அமைதியாக அறுந்திருந்தால் வயதாகிப் போயிருக்கலாம்.

விடி100-இல் விசைப்பலகையின் ‘ஆன்லைன்’ அல்லது ‘லோக்கல்’ எல்இடி எரிகிறதா என்று பாருங்கள். ஒன்று எரிந்தாலே லாஜிக்குக்கு மின்சாரம் போகிறது. இரண்டும் இல்லை என்றால் விசைப்பலகைக் கேபிளையும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். சுய சோதனையில் ரோம் அல்லது ரேம் தோற்றால் எல்1 முதல் எல்4 வரையுள்ள விளக்குகள் குறியீடாக எரியும். திரை இருட்டாக இருந்தாலும் அந்த நான்கு விளக்குகள் பேசும்.

அறிகுறி: டிக் டிக் என்று விட்டுவிட்டுச் சத்தம்

பவர் சப்ளை எழ முயன்று, சுமை தாங்காமல் படுத்து, மறுபடி எழுகிறது. குற்றவாளி பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, மின்னேற்றத்தை வடித்து, திரைப் போர்டுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்று லாஜிக் உயிர்த்தால் ஷார்ட் திரைப் போர்டில். அங்கே முதல் சந்தேகம் கிடைமட்ட அவுட்புட் டிரான்சிஸ்டர்மேல். பியூ406 அல்லது அதைப் போன்றது, ஹீட்சிங்கில் உட்கார்ந்திருக்கும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரண்டு பக்கமும் சுழியருகே ஓம் காட்டினால் போய்விட்டது. புதிது போடுவதற்கு முன் ஏன் போனது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளைபேக்கின் உள்சுற்று ஷார்ட் ஆகியிருந்தால் புதிதும் சில விநாடிகளில் போய்விடும்.

எல்லாச் சுமையையும் கழற்றிய பிறகும் டிக் டிக் நிற்கவில்லையா? சில சப்ளைகள் சுமையே இல்லாவிட்டாலும் இப்படித்தான் துடிக்கும். 5 வோல்ட் வழியில் ஒரு பவர் ரெசிஸ்டரைச் சுமையாக வைத்துச் சோதியுங்கள்.

அறிகுறி: விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான்.

முதலில் பிரைட்னஸ். விடி100-இல் அதற்குக் குமிழே கிடையாது. ‘செட்-அப்’ விசையை அழுத்தி, மேல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் குறைத்துச் சேமித்துவிட்டுப் போயிருந்தால் அந்த அளவு நினைவகத்தில் அப்படியே இருக்கும். மூடியைக் கழற்றிப் போர்டை மேசையில் பரப்பிய பிறகு இது தெரியவந்தால் கடுப்பாகத்தான் இருக்கும்.

அடுத்து, அறையை இருட்டாக்கிக் காற்றுத் துளைகள் வழியாகக் கழுத்துப் பக்கம் பாருங்கள், சிறிய ஆரஞ்சு வெளிச்சம் தெரிகிறதா? அதுதான் ஹீட்டர். பிறகு ஆன் செய்த உடன் புறங்கையைத் திரைக் கண்ணாடியருகே கொண்டுபோங்கள். கை ரோமம் சிலிர்த்தால், அல்லது மெல்லிய காகிதத்துண்டு திரையில் ஒட்டிக்கொண்டால், உயர் மின்னழுத்தம் வந்துவிட்டது. வெளியிலிருந்தே, எதையும் தொடாமல் கிடைக்கும் தகவல் இது.

ஹீட்டரும் எரிகிறது, சிலிர்ப்பும் இருக்கிறது என்றால் கிடைமட்டச் சுற்றை விட்டுவிடலாம். கற்றை திரைக்கு வராமல் தடுக்கப்படுகிறது. வீடியோ சிக்னல் வரவில்லையா, இரண்டாம் கிரிட்டுக்கு (குழாய்க்குள் கற்றையை இழுத்துவிடும் முனை) மின்னழுத்தம் இல்லையா, பிரைட்னஸ் சுற்றில் ரெசிஸ்டர் ஏதும் திறந்துகொண்டதா என்று பாருங்கள்.

சிலிர்ப்பு இருந்தும் ஹீட்டர் எரியவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கி வடித்த பிறகு குழாய் சாக்கெட்டை நேராகப் பின்னால் இழுத்து எடுத்து, ஹீட்டர் பின்களுக்கு இடையே ஓம் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது சில ஓம்கள் முதல் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். எதுவுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது. நன்றாக இருந்தால் சாக்கெட்டின் பிடிப்பில் துரு அல்லது டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத சால்டர் இணைப்பு.

ஹீட்டர் எரிந்தும் சிலிர்ப்பு இல்லை என்றால் கிடைமட்டச் சுற்று ஓடவில்லை. உடனே திரைப் போர்டைக் குறை சொல்லிவிடாதீர்கள். பல டெர்மினல்களில் திரைப் போர்டுக்குச் சொந்தமாகக் கிடைமட்ட ஆசிலேட்டரே கிடையாது. லாஜிக் போர்டிலிருந்து வரும் துடிப்புதான் அவுட்புட் டிரான்சிஸ்டரை ஓட்டுகிறது. துடிப்பு நின்றால் உயர் மின்னழுத்தமும் நிற்கும். ஆகவே இருட்டுத் திரை சில நேரம் கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டல் செத்ததன் வேலையாகவோ, சாக்கெட்டில் நழுவிய சிப்பின் வேலையாகவோ இருக்கும். ஐபிஎம் 5151 மானிட்டரும் இந்த ரகம்தான். அதற்கு 18.432 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு வேண்டும், தவறான அலைவெண் கொடுத்தால் அவுட்புட் பகுதியே கெடும். கையில் கிடைத்த ஏதோ ஒரு சிக்னலைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது இங்கே விஷப்பரீட்சை.

விடி100-இன் கிடைமட்டத் துடிப்பு 15.7 கிலோஹெர்ட்ஸ் அருகில். இளம் காதுகளுக்கு மெல்லிய கீச்சொலியாகக் கேட்கும். உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் வயதும் காரணமாக இருக்கலாம். வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுத் தூரத்தில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஓடும்போது அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் சாதாரண மல்டிமீட்டரை வைக்காதீர்கள். அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட்டில் துடிப்புகள் இருக்கும், மீட்டர் பொய் சொல்லும் அல்லது எரியும். ஆனோடில் மீட்டரை வைப்பது பற்றி நினைக்கவும் வேண்டாம். அதற்கு உயர் மின்னழுத்த புரோப் தனியாக இருக்கிறது. சிலிர்ப்புச் சோதனையே பெரும்பாலும் போதும்.

அறிகுறி: நடுவில் ஒற்றைக் கோடு

கோடு தெரிந்த உடன் பிரைட்னஸைக் குறையுங்கள். கற்றை முழுவதும் ஒரே இடத்தில் விழுவதால் பாஸ்பர் பூச்சு கருகிவிடும், அந்தத் தழும்பு நிரந்தரம்.

கிடையாக ஒரு கோடு என்றால் செங்குத்துச் சுற்று நின்றுவிட்டது. நல்ல செய்திதான், உயர் மின்னழுத்தம், குழாய், வீடியோ பெரும்பாலும் சரி. யோக் காயிலுக்கு (குழாயின் கழுத்தைச் சுற்றியிருந்து கற்றையை இழுக்கும் காயில்) போகும் கனெக்டரின் பின்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சூடும் குளிரும் மாறி மாறி வந்து, சால்டரைச் சுற்றி மயிரிழை வளையமாக விரிசல் விட்டிருக்கும். பிறகு யோக்குக்குத் தொடராக இருக்கும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், அதற்குப் பிறகுதான் செங்குத்து ஐசி. டிடிஏ1170 போன்ற ஐசி இருந்தால், முதலில் அதன் சப்ளை பின்னில் மின்னழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஐசியைக் கழற்றும் வேலையே தேவையில்லை.

நெட்டாக ஒரு கோடு என்றால் கிடைமட்ட யோக் காயிலுக்கு மின்னோட்டம் போகவில்லை, ஆனால் ஃப்ளைபேக் ஓடுகிறது. யோக் வயர், அதன் கனெக்டர், அதற்குத் தொடராக இருக்கும் கெபாசிட்டர், படத்தின் அகலத்தைச் சரிசெய்யும் காயில், எழுத்துகளின் அகலம் எங்கும் சீராக இருக்கச் செய்யும் லீனியாரிட்டி காயில். இந்தப் பட்டியலுக்கு வெளியே போக வேண்டிய தேவை அநேகமாக வராது.

அணைத்த பிறகு சில விநாடி நடுவில் ஒளிரும் புள்ளி பல மாடல்களில் சகஜம். ஓடும்போதே புள்ளி என்றால்தான் கவலை, உடனே அணைத்துவிடுங்கள்.

அறிகுறி: படம் நசுங்குகிறது, மடிகிறது, சாய்கிறது, ஓடுகிறது

மேல் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்தாலோ, எழுத்துகள் மேலே உயரமாகவும் கீழே குள்ளமாகவும் இருந்தாலோ, செங்குத்துச் சுற்றின் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்துவிட்டன. சூடாகச் சூடாக நிலைமை மாறினால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பகுதியில் உள்ளவற்றை மொத்தமாக மாற்றுங்கள். போர்டு முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு மாற்றமும் புதுத் தவறுக்கு ஒரு வாய்ப்பு. முப்பது கெபாசிட்டர் மாற்றியபின் திரை இருண்டால் எங்கே தேடுவீர்கள்?

நான்கு பக்கமும் ஒரே அளவில் சுருங்கினால் சப்ளை மின்னழுத்தம் குறைவு. படம் மேலே கீழே ஓடினால் செங்குத்து சிங்க் (படத்தை இடத்தில் நிறுத்திப் பிடிக்கும் துடிப்பு), சாய்ந்த பட்டைகளாகக் கிழிந்தால் கிடைமட்ட சிங்க். ஹோல்ட் குமிழ் இருந்தால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கணம் நின்று மறுபடி நழுவினால் சிங்க் சிக்னல் வரவில்லை. நிற்கவே இல்லையென்றால் ஆசிலேட்டரின் அலைவெண் விலகிவிட்டது. காயில்களில் இருக்கும் ஃபெரைட் திருகுகளை இரும்பு ஸ்க்ரூடிரைவரால் திருப்பாதீர்கள், உடையும். பிளாஸ்டிக் கருவியே வேண்டும்.

படம் முழுவதும் சாய்ந்து ஆனால் அசையாமல் நின்றால் கோளாறே இல்லை, யோக் காயில் கழுத்தில் சுழன்றிருக்கிறது. அணைத்து, வடித்து, பிடிப்பைத் தளர்த்தித் திருப்புங்கள்.

அறிகுறி: படம் நீரில் தெரிவதுபோல் மெல்ல ஆடுகிறது

கெபாசிட்டர் வாங்குவதற்கு முன் செட்டிங்கைப் பாருங்கள். விடி100-இன் ‘செட்-அப் பி’யில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் என்று ஒரு தேர்வு உண்டு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருந்து, திரை 60-இல் ஓடினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 10 ஹெர்ட்ஸில் படம் நடுங்கும். மாற்றினால் நின்றுவிடும். நிற்கவில்லையா, டெர்மினலை அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பக்கத்தில் இருந்த பெரிய டிரான்ஸ்ஃபார்மர் அல்லது மின்விசிறி மோட்டாரின் காந்தப்புலம் வேலை காட்டியிருக்கலாம். அங்கேயும் ஆடினால்தான் பவர் சப்ளையின் வடிகட்டும் கெபாசிட்டர்கள்.

அறிகுறி: கண்ணைக் கூசும் வெளிச்சம், குறுக்கே சாய்கோடுகள்

பிரைட்னஸ் குமிழுக்குக் கட்டுப்படாமல் திரை முழுவதும் எரிந்தால் உடனே அணையுங்கள். வீடியோ ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் சப்ளை அறுந்திருக்கலாம். அந்த சப்ளை பெரும்பாலும் ஃப்ளைபேக்கிலிருந்து ஒரு டயோடு, ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் வழியாக வருகிறது. மூன்றையும் குளிர்ந்த நிலையிலேயே சோதிக்கலாம். அதெல்லாம் சரி என்றால் குழாய்க்குள் ஹீட்டரும் கேதோடும் (ஹீட்டர் சூட்டில் எலெக்ட்ரானை உமிழும் முனை) ஒட்டிக்கொண்டிருக்கலாம். சாக்கெட்டைக் கழற்றி இரண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள், எதுவும் காட்டக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எர்த்துக்கும் இடையே இருக்கும் சின்ன உயர் மின்னழுத்தக் கெபாசிட்டர் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. அது திறந்துபோனாலோ, நீங்கள் குறைந்த மதிப்பில் ஒன்றைப் போட்டாலோ, உயர் மின்னழுத்தம் எல்லை மீறி ஏறும். டிரான்சிஸ்டர் போகும், ஃப்ளைபேக் துளைத்துக்கொள்ளும், எக்ஸ் கதிரும் கூடும். அதே மதிப்பு, அதே வகை, அதற்குக் குறையாத மின்னழுத்தத் தாங்குதிறன். இந்த ஒரு இடத்தில் ‘கிட்டத்தட்ட’ கிடையாது.

அறிகுறி: மங்கல், கலங்கல், வீக்கம்

ஆன் செய்தவுடன் மங்கலாக இருந்து, அரை மணியில் தேறினால் குழாயின் கேதோடு தேய்ந்துவிட்டது. இருக்கும் வரை ஓட்டலாம். எழுத்தின் விளிம்பு மட்டும் கலங்கினால் ஃபோகஸ். அந்த வழியில் இருக்கும் மெகா ஓம் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு ஏறும். ஒரு முனையைக் கழற்றி அளந்தால் தெரிந்துவிடும். பிரைட்னஸைக் கூட்டும்போது படமே பெரிதாக வீங்கினால் உயர் மின்னழுத்தம் சுமையில் தளர்கிறது.

எழுத்து மறைந்த பிறகும் பச்சை நிழல் தேய்ந்து தேய்ந்து போவது கோளாறு அல்ல. ஐபிஎம் 5151-இல் இருக்கும் பி39 பாஸ்பரின் இயல்பே அது.

அறிகுறி: படம் சரி, எழுத்துகள் தப்பு

திரைச் சுற்றுக்கு இதில் பங்கில்லை. உயர் மின்னழுத்தப் பக்கம் போகவே தேவையில்லை. லோக்கல் நிலையில், அதாவது தட்டியது கணினிக்குப் போகாமல் திரைக்கே வரும் நிலையில், ஏ, பி, சி, டி, இ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். திரையில் சி, பி, சி, எஃப், ஜி என்று வந்தால் காரணம் கணக்கிலேயே தெரிகிறது. எழுத்துகளுக்கான எண் குறியீடான ஆஸ்கியில் ஏ என்பது 1000001, சி என்பது 1000011. வலமிருந்து இரண்டாவது பிட் எப்போதும் 1-ஆக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பி-யிலும் சி-யிலும் அந்த பிட் ஏற்கெனவே 1, அதனால் அவை தப்பித்தன. இப்போது அந்த ஒரு பிட்டைச் சுமக்கும் ரேம் சிப்பையும் அதற்கு அடுத்து பிட்டைப் பிடித்து வைக்கும் லாட்ச் சிப்பையும் மட்டும் பார்த்தால் போதும். விசைப்பலகையும் இதே தவறைச் செய்யலாம் என்பதால், கணினியிலிருந்து எழுத்தை அனுப்பியும் ஒருமுறை சோதியுங்கள்.

எழுத்து சரியாக இருந்து அதன் வடிவம் மட்டும் சிதைந்தால் எழுத்து வடிவ ரோம் அல்லது அதன் ஷிஃப்ட் ரெஜிஸ்டர். திரை நிறையக் கன்னாபின்னா எழுத்துகள் அசையாமல் நின்றால் பிராசசர் எழவே இல்லை. அணைத்துவிட்டு, சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளை ஒவ்வொன்றாக மெல்லத் தூக்கி மறுபடி அழுத்துங்கள். கால்களில் படிந்த ஆக்சைடு கீறப்பட்டுப் பல நேரம் இதிலேயே உயிர் வரும். ஏடிஎம்-3ஏ-யில் இந்த வேலை வேறு மாதிரி. அதில் பிராசசரே கிடையாது, எல்லாம் டிடிஎல் எனும் எளிய லாஜிக் சிப்புகள். கடிகாரத் துடிப்பிலிருந்து தொடங்கி வரிசையாகத் தொடர்ந்து போக வேண்டியதுதான்.

லோக்கலில் எல்லாம் சரி, ஆன்லைனில் மட்டும் ஊமை என்றால் 25 பின் கனெக்டரில் 2-ஐயும் 3-ஐயும் இணைத்துத் தட்டுங்கள். தட்டியது திரும்பி வரவில்லை என்றால், அனுப்பும் 1488 சிப்புக்குத் தேவையான மைனஸ் 12 வோல்ட் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அறிகுறி: உஸ் என்ற சத்தம், ஓசோன் வாசனை

ஆனோடு தொப்பியைச் சுற்றிப் படிந்த தூசியும் ஈரமும் பெரும்பாலான காரணம். அணைத்து, இருமுறை வடித்து, தொப்பியையும் கண்ணாடியையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுவதும் உலரவிடுங்கள். கிராஃபைட் பூச்சைத் துடைத்து எடுத்துவிடாதீர்கள். பிறகும் சத்தம் வந்தால், இருட்டறையில் தள்ளி நின்று பாருங்கள்; ஃப்ளைபேக்கின் உடலில் ஊதா ஒளி தெரிந்தால் அதில் விரிசல் விட்டிருக்கிறது. பசை பூசிச் சமாளிப்பது நீடிக்காது, மாற்றுங்கள்.

அறிகுறி: தட்டினால் வருகிறது, சூடானால் போகிறது

டிரை சால்டர். ஃப்ளைபேக் கால்கள், டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர், யோக் கனெக்டர், சூடாகும் பெரிய ரெசிஸ்டர்கள் ஆகிய நான்கு இடங்களையும் பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். ஓடும்போது நீண்ட மரக்குச்சியால் மெல்லத் தட்டி இடத்தைத் தேடலாம். கழுத்தருகே மட்டும் குச்சி போகக் கூடாது. சூடானால் போகும் சிப்பைக் கண்டுபிடிக்கக் குளிர்விக்கும் ஸ்ப்ரே உதவும், ஆனால் சூடான படக்குழாய்க் கண்ணாடியில் அது படவே கூடாது.

அறிகுறி: திரையின் ஓரத்தில் பூஞ்சைபோல் வெள்ளைத் திட்டுகள்

விடி100, ஏடிஎம்-3ஏ போன்றவற்றில் குழாயின் முகத்துக்கு முன்னால் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். திட்டுகள் அந்தப் பசை சிதைவதால் வருபவை, மின்சுற்றோடு சம்பந்தமே இல்லை. சூடாக்கியும் மெல்லிய கம்பியால் அறுத்தும் கண்ணாடியைப் பிரித்துப் பசையைச் சுரண்டுகிறார்கள். செய்ய முடியும்தான், ஆனால் 400 கிலோ அழுத்தம் தாங்கும் கண்ணாடியைச் சூடாக்கி நெம்புகிறோம் என்பது நினைவிருக்கட்டும். குழாயை ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சூடாக்கினால் வெடிக்கலாம். பிரித்த கண்ணாடியை மறுபடி பொருத்தாமல் ஓட்டினால் சில குழாய்களில் வெடிப்புப் பாதுகாப்பே போய்விடுகிறது. எழுத்துகள் படிக்க முடிகிற அளவில் இருந்தால் நான் தொடமாட்டேன்.

கோளாறு எதுவாக இருந்தாலும், சரிசெய்து மூடுவதற்கு முன் விடி100-ஐ லோக்கல் நிலையில் வைத்து எஸ்கேப், #, 8 மூன்றையும் வரிசையாகத் தட்டுங்கள். திரை முழுவதும் இ என்ற ஆங்கில எழுத்தால் நிரம்பும். உயரம், அகலம், ஓரங்களின் நேர்மை, மூலைகளின் ஃபோகஸ் எல்லாம் அதில் ஒரே பார்வையில் தெரியும். அதை அப்படியே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடான பிறகும் அளவு மாறாமல் இருந்தால் மூடியை மாட்டித் திருகுகளை முடுக்கலாம்.